பெரியம்மா வீட்டு விலாசம்

டெட்ராய்ட் நகரப் பேருந்து ஓட்டுநர் வெர்னெட்டா, புறநகரில் இருக்கும் தன் அக்கா டெல்ஃபைனின் விலாசத்தைக் கொடுத்து மகள் ஜொனேயை அங்குள்ள பள்ளியில் சேர்த்திருந்தாள். தங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முழுக்கக் கணக்கு வாத்தியாரே கிடையாது. குளிர்காலத்தில் பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் பாடம் கேட்டார்கள். ஒரே ஒரு சாலையைத் தாண்டினால் நீச்சல் குளம் வைத்த பள்ளி. இரண்டும் அரசுப் பள்ளிதான்; ஆனால் அந்தந்த எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம்.

அடுத்த வருடம் ஒரு சாம்பல் நிறக் கார் பின்தொடர்ந்தது. தாயும் மகளும் விடிகாலையில் தங்கள் வீட்டிலிருந்து கிளம்புவதைப் பள்ளி நிர்வாகத்தின் ஆள் படம் பிடித்துவிட்டான்.

“பொண்ணு எங்க தூங்குறாளோ அங்கதான் படிக்கணும்,” என்றார் பள்ளி முதல்வர். “இல்லேன்னா கோர்ட்டுல உங்க அக்காவ கார்டியனாக்கி அவள எழுதிக் குடுத்துருங்க.”

காரில் ஏறியதும் வெர்னெட்டா வெடித்தாள். “பெத்தவ குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், எழுதிக் குடுக்கணுமாம்ல!”

ஜொனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எழுதிக் குடுத்துரும்மா.”

“என்னடி சொன்ன?”

“பழைய ஸ்கூலுக்கு என்னால போக முடியாது. அங்க படிச்சா உன்ன மாதிரி...”

“பஸ் ஓட்டணும். சொல்லேன், ஏன் முழுங்குற?”

வெர்னெட்டா அந்த மாதமே கையெழுத்துப் போட்டாள்.

அதன்பின் ஜொனே பெரியம்மா வீட்டில் தங்கினாள்; வெர்னெட்டாவுக்குச் சனி, ஞாயிறு மட்டும்தான் மகள். கையெழுத்து வெறும் நாடகமா என்று பார்க்க, சாம்பல் கார் டெல்ஃபைன் வீட்டு எதிரில் நிற்கத் தொடங்கியது.

பிப்ரவரியில் ஜொனேவுக்குக் கடும் காய்ச்சல். ஓட்டுநர் சீருடையோடு ஓடிவந்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போலாம்மா.”

டெல்ஃபைன் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். “நிக்கிறான். ஒரு காபி குடுத்துட்டு வரவா? பேதி மாத்திரை போட்டு?”

வெர்னெட்டா மகளின் போர்வையை இழுத்துவிட்டாள்.

“இதாண்டி வீடு,” என்றாள் வெர்னெட்டா.

“இல்ல.”

“யார் கேட்டாலும் இதான். சொல்லு.”

ஜொனே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சூப் வைக்கப் போன வெர்னெட்டா, பாத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அக்காவைக் கேட்கவேண்டியிருந்தது.

மகள் தூங்கியதும் வெளியே வந்தாள். எதிரில் நின்ற சாம்பல் காரில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். வெர்னெட்டா தன் காரின் பின்கதவை அகலத் திறந்து, மகள் இல்லாத காலி இருக்கை அவன் கண்ணில் படும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடினாள்.