ஒரு பக்கம் வெள்ளை

டெல்பர்ட் டூட்ராவின் டயர் கடைக்குள் நுழைந்து வெகு நேரமாகியும் லீலண்ட் போர்பா வாய் திறக்கவில்லை. சுவரோரம் இரண்டு டயர்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

ஒன்று நைலான் டயர். பழைய அச்சில் வார்த்தது. குறுகலாக, உயரமாக, சதுரத் தோளுடன் இருந்தது. அதன் பக்கவாட்டில் கையகலத்துக்கு வெள்ளைப் பட்டை உண்டு. கடையில் இருக்கும்வரை அழுக்குப் படாமலிருக்க அதன்மேல் நீலச் சாயம் பூசியிருந்தார்கள். மற்றது ரேடியல். மொத்தமும் கறுப்பு, உருண்டைத் தோள். மளிகை வாங்கப் போகும் எந்தக் காரிலும் பார்க்கலாம்.

"நீ பார்க்கிற பார்வையிலேயே டயரோட பட்டன் தேஞ்சிரும்போல," என்றான் டெல்பர்ட். "இந்தா பாரு லீலண்ட். நீலத்தை நீ தண்ணியில நனைச்சுட்டேன்னா அந்த டயர் உன்னோடது, திருப்பி எடுத்துக்க மாட்டேன். நனைக்காம எத்தனை நாள் வேணும்னாலும் பார்த்துக்கிட்டு நில்லு. நாற்காலி போடவா?"

லீலண்ட் தலையாட்டினான். ஹான்ஃபோர்டு ஊரில் அவனை அறிந்தவர்கள் அதையே ஒரு பேச்சாக எடுத்துக்கொள்வார்கள். பால் பண்ணைகளின் பம்புகளைப் பழுது பார்ப்பவன் அவன். இரைச்சலில் வேலை செய்பவனுக்குப் பேச்சு வீண் என்று எப்போதோ தோன்றிவிட்டது. அந்த எண்ணம் அவனோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

வீட்டு ஷெட்டில் அவனுடைய ஹாட் ராட் நின்றது. பழைய காரைப் பிரித்து வேகத்துக்கும் அழகுக்கும் மாற்றிக் கட்டுவதை அப்படிச் சொல்வார்கள்; இது 1932ஆம் வருஷத்து ஃபோர்டு. கூரை இல்லை, இரண்டே சீட். இழைத்து இழைத்து அவனே கட்டிய வண்டி. மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சாய்வில்தான் அதன் திமிர் முழுவதும் இருந்தது. முன்னால் ஒல்லி டயர், பின்னால் உயர டயர், நான்கிலும் வெள்ளைப் பட்டை இருந்தால்தான் அந்தத் திமிர் எடுபடும். ரேடியலை மாட்டினால், கோட்டு சூட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்ட மாப்பிள்ளைபோல இருக்கும்.

தன்னளவில் அவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வைத்தவள் நடீன், அவன் மனைவி.

வண்டியில் முன்பு இருந்ததும் நைலான் டயர்தான். முதல் தடவை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போனபோது, மழைநீர் வடியக் கான்கிரீட்டில் கீறியிருந்த கோடுகளை டயர் கவ்விக்கொண்டது. மோப்பம் பிடித்த நாய்போல வண்டி இடமும் வலமும் இழுத்தது. நடீன் வழியில் என்னவோ கேட்டாள்; வீட்டுக்கு வந்தபின் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஹாட் ராட்காரர்களின் கிளப் அடுத்துக் கிளம்பிய பயணத்துக்குத் தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்தாள். அதற்கடுத்த பயணத்துக்கும் அப்படியே. வழியில் மற்றவர்களின் வண்டிகளிலிருந்து உதிர்ந்து விழும் மூடி, குழாய், கண்ணாடி எல்லாவற்றையும் அவளே பொறுக்கிக்கொண்டு வந்து சேர்ப்பாள். கிளப்பில் எல்லோருக்கும் இது சௌகரியமாக இருந்தது. லீலண்ட் மட்டும் காலியான பக்கத்து சீட்டோடு, அவளைப் பின்கண்ணாடியில் ஒரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

கயூகஸ் கடற்கரைக்கு வசந்தகாலப் பயணம் முடிவானபோது, சாப்பாட்டு மேஜையில் நடீன் தானாகவே சொன்னாள்: "வண்டி நேராப் போச்சுன்னா இந்தத் தடவை நான் உன் பக்கத்துல உக்கார்றேன். வளைஞ்சு வளைஞ்சு போச்சுன்னா, எனக்கு என் பிக்கப் இருக்கு."

டயர் கடையில் லீலண்ட் கடைசியில் கையை நீட்டி ரேடியலைத் தொட்டான்.

"நடீனா?" என்றான் டெல்பர்ட்.

லீலண்ட் தலையாட்டினான்.

"அந்த நீல டயரை எடுத்து உள்ளே வைக்கிறேன். நீ திரும்பி வருவே. உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

ரேடியலை மாட்டிய அன்று அவன் ஷெட்டுக்குள் நின்று வண்டியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, பழைய சாமான் சந்தையில் எப்போதோ வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருந்த நான்கு வெள்ளை ரப்பர் வளையங்களை இறக்கினான். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே விளிம்பைச் சொருகிவிட்டால், பார்ப்பவருக்கு வெள்ளைப் பட்டை டயர்தான். ஆனால் ரேடியலின் பக்கவாட்டு உருளும்போது பிதுங்கிப் பிதுங்கி அடங்கும். வளையம் அதன்மேல் ஒட்டி நிற்காது. இது லீலண்டுக்குத் தெரியும். டயரைத் தொட்ட யாருக்கும் தெரியும். இந்த ஒரு பயணத்துக்குத் தாங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நெம்புகம்பியைக் கையில் எடுத்தான்.

கிளம்புகிற நாள் காலையில் மாதா கோயில் மண்டபத்துக்கு முன்னால் வண்டிகள் கூடின. நடீன் லிங்குவீசா சாசேஜ் வைத்த ரொட்டிப் பொட்டலத்தோடு, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து ஹாட் ராடில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ அங்கே உக்காந்துட்டா, விழறதை எல்லாம் யாரு பொறுக்கறது?" என்றான் டெல்பர்ட்.

"நீதான். உனக்குத்தான் குனிய வேண்டிய அவசியம் இருக்கு. தொப்பையைப் பாரு."

டெல்பர்ட் குனிந்தான். வயிற்றுக்காக அல்ல, டயரைப் பார்க்க. "என் கடையில கறுப்பாத்தானே வாங்கினே? அதுக்குள்ள நரைச்சிருச்சே," என்றான். விரலால் வளையத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு நிமிர்ந்து லீலண்டைப் பார்த்தான். நடீனைப் பார்த்தான். "அம்பது மைலைத் தாண்டாதே," என்றான் தாழ்ந்த குரலில். "தாண்டினா மானம் போயிரும்."

வண்டி நேராகப் போனது. சமவெளியில் ஆணி அடித்தாற்போலப் போனது. வாய்க்காலும் பிஸ்தாத் தோட்டமும் கடந்தன. நடீன் கைப்பிடியை விட்டுவிட்டாள். சற்று நேரத்தில் செருப்பைக் கழற்றினாள். ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து லீலண்டின் வாயில் திணித்தாள். இந்தக் கறுப்புப் பிசாசுகளை இனிமேல் திட்டக்கூடாது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கெட்டில்மன் மலையைத் தாண்டி இறங்கும்போது சாலை தானாகவே வேகத்தைக் கொடுத்தது. முள் அறுபதைத் தொட்டது. அப்போது அவன் பக்கத்து முன்சக்கரத்திலிருந்து பட், பட், பட் என்று ஒரு சத்தம் எழுந்தது.

"என்ன சத்தம்?" என்றாள் நடீன்.

லீலண்ட் சாலையைப் பார்த்தான்.

"லீலண்ட், என்ன சத்தம் அது?"

அவன் காலைத் தளர்த்தினான். சத்தம் இன்னும் பலமாகத்தான் அடித்தது. தாடை இறுகியது. அவள் மறுபடியும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டதையும், கால் செருப்பைத் தேடுவதையும் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"வண்டியை ஓரங்கட்டு. நான் டெல்பர்ட்கூட வர்றேன்."

அந்தச் சீட் மறுபடியும் காலியாகப் போகிறது. அவன் வாயைத் திறந்தான்.

"வெள்ளை," என்றான்.

"என்ன வெள்ளை?"

"டயர்ல இருக்கிற வெள்ளை. அது நிஜம் இல்ல. ரப்பர் வளையம். அழகா இருக்கும்னு நான்தான் சொருகினேன். டயருக்கு ஒண்ணும் இல்ல, சக்கரத்துக்கும் ஒண்ணும் இல்ல. அது மட்டும் காத்துல அடிச்சுக்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல பிச்சுக்கிட்டுப் போயிரும்."

வண்டிக்குள் அவன் இதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது. நடீன் அவனைத் திரும்பிப் பார்த்த அதே நேரம், வளையம் பிய்த்துக்கொண்டு எழும்பி அவன் தோளுக்கு மேலே சுழன்று பின்னால் மறைந்தது. அடுத்த நொடி பின்சக்கர வளையமும் அதைத் தேடிப் போனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவன் வண்டியைப் புல்லோரமாக நிறுத்தினான். இருவரும் இறங்கினார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு நடீன் கேட்டாள்: "அன்னைக்கு வண்டி இழுத்துச்சே, அது?"

"ரோட்டுல கோடு கீறியிருந்தாங்க. நைலான் அப்படித்தான் இழுக்கும். ஆபத்து ஒண்ணும் இல்ல."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை? நான் கேட்டுக்கிட்டே வந்தேன். நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு முன்னாடியே பார்த்தே. ஸ்டீயரிங் கழண்டுருச்சு, மனுஷன் எனக்குத் தெரியாம சமாளிக்கிறான்னு நினைச்சேன்."

"நீ பயந்துருவேன்னுதான் பேசலை."

"நம்ம ஊர் மாட்டு டாக்டர்கூட மாட்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் ஊசி போடுறாரு, லீலண்ட்."

லீலண்ட் அத்தனை பயணங்களிலும் கண்ணாடியில் தெரிந்த அந்தப் புள்ளியை நினைத்துக்கொண்டான். டயர் என்று நினைத்தேனே, என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. பிறகு, "நீ என் பக்கத்துல உக்காராததுக்குக் காரணம் டயருன்னு நினைச்சேன்," என்று வாய்விட்டே சொன்னான்.

டெல்பர்ட் வந்து சேர்ந்தான். இரண்டு வளையங்களும் அவன் கழுத்தில் மாலையாகக் கிடந்தன. "ஒண்ணு வேலியில தொங்குச்சு. இன்னொண்ணுக்கு ஒரு பசு மாடு போட்டி போட்டுச்சு. நான்தான் ஜெயிச்சேன். நிஜ வெள்ளை டயர் நீலத்தோட இன்னும் என் கடையிலதான் இருக்கு."

மிச்சமிருந்த இரண்டு வளையங்களையும் கழற்ற லீலண்ட் நெம்புகம்பியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனான். நடீன் வழியை மறித்தாள்.

"அதைத் தொடாதே. இது என் பக்கம்."

"அடிச்சுக்கும்."

"அடிச்சுக்கட்டும். என்ன சத்தம்னு இப்பத்தான் எனக்குத் தெரியுமே."

அங்கிருந்து ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினான். கயூகஸில் கடலைப் பார்த்த சாலையில், வெள்ளைப் பக்கம் ஜனங்களுக்குத் தெரியும்படி வண்டியை நிறுத்தச் சொன்னாள் நடீன். போகிறவர் வருகிறவர் நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் சுற்றிவந்து கறுப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வேறு வண்டியோ என்று மறுபடியும் முன்பக்கம் போனார்.

வழியில் அதிகம் உதிர்த்தவருக்குக் கிளப் வருஷாவருஷம் ஒரு பரிசு தரும். பலகையில் அறைந்த ஒரு நசுங்கிய சக்கரமூடி. டெல்பர்ட் அதை லீலண்டின் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பேசமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"பார்க்கிறதுக்கு நைலான், ஓட்டறதுக்கு ரேடியல்," என்றான் லீலண்ட். "எனக்கு எது வேணும்னு இன்னும் தெரியல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நன்றி," என்றும் சேர்த்துக்கொண்டான். கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு கைதட்டியது.

திரும்பும் வழியில் அவன் பேச்சை நிறுத்தவே இல்லை. இது பக்கக் காற்று, வண்டியை லேசாகத் தள்ளும் என்றான். இது பாலத்து இணைப்பு, ஒரு குதி குதிக்கும் என்றான். இப்போது கியர் மாற்றுகிறேன், ஒரு முனகல் கேட்கும் என்றான். அவள் பக்கத்து வளையம் அவ்வப்போது மெதுவாகத் தாளம் போட்டது. அதையும் விளக்கினான்.

"போதும் லீலண்ட்," என்றாள் நடீன், கண்ணை மூடியபடி. "கொஞ்ச நேரம் சும்மா வா."

அவன் சும்மா வந்தான். மலை பின்னால் போய்ச் சமவெளி விரிந்தது. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தபோது குரல் வந்தது.

"டெல்பர்ட் கடையில அந்த டயர் இன்னும் இருக்குன்னானே, அந்த நீலம் எதுல போகும்?"

"வெதுவெதுப்பான தண்ணி. சோப்பு. மெதுவான பிரஷ்."

"சனிக்கிழமை வாங்கிட்டு வா. நான் கழுவறேன்."

அவன் தலையாட்டினான். பிறகு சொல்லிவிட்டான்: "அது இழுக்கும், நடீன்."

"இழுக்கறப்போ சொல்லு," என்று கால்களை நீட்டிக்கொண்டாள்.