வெட்டாத மலையாடு

கேனேஷ் வேட்டைக்குக் கொண்டுவந்த சாமான்களில் கடைசிவரை உழைத்தது அவருடைய வாய் ஒன்றுதான்.

பேட்டரியில் சூடாகும் பூட்ஸ் முதல் நாளே மூச்சை விட்டது. 'சைபீரியாவிலேயே எரியும்' என்று கடைக்காரன் சத்தியம் செய்துகொடுத்த காஸ் அடுப்பு, புஸ்ஸென்று ஒரு பெருமூச்சோடு படுத்துக்கொண்டது. கூடாரத்தின் ஜிப் உறைந்துபோய், காலையில் அவரும் மைத்துனன் சூயுனும் துணியின் அடிப்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நாய்க்குட்டிகள் மாதிரி ஊர்ந்து வெளியே வந்தார்கள். புதுத் துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் இறுகிவிட்டது. விசையை இழுத்தால் 'டிக்' என்று கைக்கடிகாரம் போல ஒரு சத்தம். எதிர்ப் பாறையில் நின்ற மலையாடு திரும்பிப் பார்த்தது. அது சிரித்த மாதிரிதான் சூயுனுக்குத் தோன்றியது.

கடைசியில் ஆட்டை விழவைத்தது சூயுனின் பழைய துப்பாக்கி. "உன் குறி எனக்குத் தெரியும் மாப்ளே, இங்க குடு" என்று பிடுங்கிச் சுட்டவர் மட்டும் கேனேஷ். அப்போதிலிருந்து அவர் நிமிர்த்திய நெஞ்சு இறங்கவே இல்லை.

அக்காவைக் கட்டியவர் வேட்டைக்குக் கூப்பிட்டால் முடியாது என்று சொல்ல சூயுனுக்கு வழியில்லை. போதாததற்கு ஜீப் வேறு அவனுடையது. மலையூர்களான அட்-பாஷிக்கும் நாரினுக்கும் நடுவே ஆள் ஏற்றிப் பிழைப்பவன். அவன் இடது காலில் இப்போது மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் பழைய பனிக்காலம் ஒன்றில் கருத்து உதிர்ந்துவிட்டன. "இன்னொரு தடவை உறைஞ்சுதுன்னா விரலோட நிக்காது, பாதத்தையே எடுக்கணும்" என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். கிளட்ச் மிதிக்கிற கால். அது போனால் ஜீப்பும் போச்சு, வீட்டில் அடுப்பும் அணைஞ்சு போச்சு.

அந்தக் காலைத்தான் கேனேஷ் ஓடையில் இறக்கினார்.

"ஆட்டை ரெண்டா வெட்டித் தூக்கிட்டுப் போலாம் அத்தான். குடலையாவது எடுத்துடலாம். இல்லேன்னா நாறிடும்."

"தொடாதே! அகிம் வீட்டு வாசல்ல முழுசா இறக்கணும். கொம்பு, தோல், வயிறு எல்லாம் அப்படியே. பாத்த உடனே மனுஷன் அசந்து போகணும்."

மாவட்டத்தையே ஆளும் அகிமுக்கு மறுநாள் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து. தண்ணீர் வாரியத்தில் துணை அதிகாரி கேனேஷ். பெரிய நாற்காலி காலியாகி வெகுநாளாகிறது. ஆட்டைப் பார்த்து அசந்துபோகிற அகிம், அதே சூட்டில் நாற்காலியையும் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்பது கணக்கு.

முழு ஆட்டை இழுத்துக்கொண்டு ஓடையைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்தது. சூயுனின் இடது பூட்ஸ் முழங்கால் வரை உள்ளே போய் வந்தது. "பாத்து வரக் கூடாதா?" என்றார் கேனேஷ், ஆட்டின் காலைப் பிடித்தபடியே.

ஜீப்பில் இன்னொரு கூத்து. முழு ஆடு உள்ளே நுழையாததால் கேனேஷ் வறட்டி மூட்டையைத் தூக்கி வெளியே எறிந்தார். மரம் இல்லாத மலையில் எரிப்பதற்கு அந்த மூட்டை ஒன்றுதான் இருந்தது.

"இனிமே எதுக்குடா வறட்டி? வண்டியிலதானே போறோம்."

ஆற்றோரப் பாதை திரும்புகிற இடத்தில் கேனேஷ் ஸ்டீரிங்கில் கையை வைத்தார்.

"இங்க வேணாம். குரு-சாய் வழியா போ."

சூயுன் அவரைப் பார்த்தான். ஆற்றோரப் பாதையில் மேய்ப்பர்கள் குளிர்காலம் கழிக்கும் வீடுகள் வரிசையாக இருக்கும். குரு-சாய் பள்ளத்தாக்கில் பனிக்காலத்தில் ஓநாய் கூட யோசித்துத்தான் நுழையும்.

"ஏன் அத்தான்?"

"ஏன்னு கேக்கிறியே! ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒருத்தன் நிப்பான். கொம்பைப் பாத்ததும் 'ஷிரல்கா'ம்பான். வாய் திறந்து சொல்லிட்டா தராம இருக்க முடியுமா? ஒருத்தனுக்குத் தொடை, ஒருத்தனுக்கு விலா, ஒருத்தனுக்கு ஈரல். ஊர் போய்ச் சேரும்போது எனக்கு வால்தான் மிஞ்சும்!"

வேட்டையோடு திரும்புகிறவனை எதிரில் பார்க்கிறவன் ஷிரல்கா என்று சொன்னால், பங்கு கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்காதவன் துப்பாக்கி அடுத்த தடவை குறி தவறும். இதெல்லாம் மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கேனேஷுக்கும் நன்றாகத் தெரிந்திருந்ததுதான் கோளாறே.

ஈரக் காலுக்கு அந்த வீடுகளில் ஒன்றில் அடுப்பு கிடைக்கும் என்று சொல்ல வாய் எடுத்தான் சூயுன். 'இதுக்கே காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறான்' என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே மனுஷன்! வாயை மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். அவனும் லேசுப்பட்ட முட்டாள் இல்லை.

பள்ளத்தாக்கின் பாதியில் ஜீப் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை இருமவில்லை.

சூயுன் இறங்கிப் பார்த்தான். டீசல் குழாயில் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கோடைக்கால டீசலை அடித்தவன் அவன்தான்.

"உன் வண்டியாடா இது? கழுதை வண்டிடா!" என்று கத்தினார் கேனேஷ்.

"கழுதைன்னா ரெண்டு பேரையும் இறக்கி விட்டுட்டு வீடு போய்ச் சேந்திருக்கும் அத்தான். டாங்கிக்கு அடியில தீ மூட்டினா டீசல் இளகும். தூக்கி எறிஞ்சீங்களே வறட்டி, அதை எடுங்க."

கேனேஷ் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வாய் வேலை செய்யாத ஒரே நேரம் அது.

சாட்டிலைட் போனை எடுத்தார். திரையில் ஒரு காலி பேட்டரி படம் மின்னி அணைந்தது. அதைக் கோட்டுக்குள் வைத்து அணைத்துச் சூடாக்கிப் பார்த்தார். பிறகு கெஞ்சினார். பிறகு திட்டினார்.

சூயுன் பூட்ஸைக் கழற்றினான். காலுறை பலகை மாதிரி நின்றது. மூன்று விரல்களும் வெளுத்து, மெழுகுவர்த்தித் துண்டுகளாக இருந்தன. கிள்ளிப் பார்த்தான். யாரோ அடுத்த வீட்டுக்காரன் காலைக் கிள்ளுவது போலிருந்தது.

வலித்தால் பரவாயில்லை. வலிக்கவில்லை.

"அத்தான், உங்க கம்பளிக் காலுறையைக் கழட்டுங்க."

"எனக்கும்தான் குளிருது மாப்ளே."

சூயுன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தன் தொப்பியைக் கழற்றி காலில் மாட்டிக்கொண்டு, நொண்டியபடி போய் மாற்று டயரை இறக்கினான். டீசல் நனைத்த துணியை அதற்குள் திணித்துத் தீக்குச்சி கிழித்தான். கரும்புகை பள்ளத்தாக்குக்கு மேலே தூண் மாதிரி எழுந்தது.

"என்னடா பண்றே? புகையைப் பாத்தா ஆளுங்க வந்துடுவாங்கடா!"

"அதுக்குத்தான் அத்தான் கொளுத்துறேன்."

டயர் பாதி உருகியபோது குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. வளைவில் ஒருவன் வந்தான். அகலமான முகம், ஆட்டுத்தோல் கோட்டு, சேணத்தில் சுருட்டிய கயிறு. ஆற்றோரத்து மேய்ப்பன் தோலோன். வழிதவறிய யாக் மாட்டைத் தேடி வந்தவன், புகையைப் பார்த்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான்.

அவன் வந்து சேர்வதற்குள் கேனேஷ் ஒரு காரியம் செய்தார். உறைந்த கூடாரத் துணியை இழுத்து ஆட்டின் மேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

சூயுன் தன் கண்ணையே நம்பவில்லை. இந்த ஆளுக்கா அக்காவைக் கொடுத்தோம்!

"என்ன கேனேஷ் அண்ணே, இந்தப் பக்கம்?" தோலோன் குதிரையை நிறுத்தினான். "நல்ல ரோடு எல்லாம் தீந்து போச்சா? வேட்டை ஏதாவது விழுந்துச்சா?"

"எங்கடா விழுந்துச்சு? வெறுங்கை. சும்மா காத்து வாங்க வந்தோம்."

"நல்ல காத்துதான். உக்காந்திருக்கீங்களே, அது என்ன?"

"சாமான்."

துணிக்கு வெளியே ஒரு கொம்பின் நுனி அரிவாள் மாதிரி வளைந்து நின்றது. தோலோன் அதைப் பார்த்தான், கேனேஷைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பெரிய மனுஷரே வேட்டை இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு, இருக்கிறது என்று அவன் எப்படிச் சொல்வான்? உதட்டைப் பிதுக்கிக் கடிவாளத்தைத் திருப்பினான்.

"சரிங்க அண்ணே. காத்து வாங்கிட்டு மெதுவா வாங்க."

குதிரை இரண்டு எட்டு வைத்துவிட்டது. சூயுனின் கால் அதன் முதுகில் ஏறாவிட்டால் இனி எதன் மேலும் ஏறப்போவதில்லை. அவன் பாய்ந்து கூடாரத் துணியை உருவினான். கேனேஷ் பனியில் உருண்டார்.

"தோலோன் அண்ணே! திரும்பிப் பாருங்க! சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க!"

தோலோன் திரும்பினான். முகம் முழுக்கப் பல்.

"ஷிரல்கா!"

"டேய், டேய்!" என்று கேனேஷ் எழுவதற்குள் சூயுனின் கத்தி ஆட்டின் தொடையில் இறங்கியிருந்தது. வெட்டியெடுத்த தொடையைச் சேணத்தில் கட்டிவிட்டுத் தன் காலைக் காட்டினான். தோலோனின் சிரிப்பு நின்றது.

"மடையா, இதை முதல்லயே சொல்ல மாட்டியா? ஏறு! கேனேஷ் அண்ணே, குதிரை வாலைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வாங்க. வீடு கிட்டத்துலதான்."

"நான் வரல," என்றார் கேனேஷ், மூன்று கால் ஆட்டைக் கட்டிக்கொண்டு. "இதை விட்டுட்டு வந்தா எவனாவது வந்துடுவான். நீங்க போய் ஆளை அனுப்புங்க."

"எத்தனை பேரு வேணும்?"

"வண்டியை இழுக்கணுமில்ல. நிறைய அனுப்பு!"

தோலோன் நிறையவே அனுப்பினான். சூயுனைத் தன் வீட்டில் இறக்கிவிட்டு, ஆற்றோரத்தில் வீடு வீடாகக் குதிரையை நிறுத்தாமல் கத்திக்கொண்டே போனான். "குரு-சாய்ல வேட்டைக்காரர் ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு! பெரிய ஆடு! இன்னும் குடல் கூட எடுக்கல!" ஆபத்தில் இருக்கும் மனிதனுக்கு உதவ அந்த ஊர் அவ்வளவு வேகமாகச் சேணம் கட்டி யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தன் இடுப்பிலும் கத்தி இருந்தது.

தோலோனின் மனைவி சூயுனின் காலை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்தாள். அவன் தேநீரைத் தொடாமல் தண்ணீருக்குள்ளேயே வெறித்துக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். ஒன்றுமில்லை.

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. அப்போது சுண்டுவிரலில் ஒரு ஊசி ஏறியது. பிறகு பத்து. பிறகு பாதம் முழுக்க நெருப்பு. மூன்று விரல்களும் ஒரே குரலில் அலறின. சூயுனும் அலறினான். கேனேஷின் தண்ணீர் வாரியம், பூட்ஸ், அடுப்பு, அகிம், அவர் முன்னோர்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே கண்ணீர் வழியச் சிரித்தான்.

"வலிக்குதா?" என்றாள் அவள்.

"நல்லா வலிக்குது அண்ணி! இன்னும் ஊத்துங்க!"

கதவு திறந்தது. கேனேஷ். புருவத்தில் பனி. கைகளில் கொம்போடு மலையாட்டுத் தலை. அவருக்குப் பின்னால், உதவி செய்து களைத்த கூட்டம் மொத்தமும், ஆளுக்கொரு இறைச்சிப் பொட்டலத்தோடு.

"மாப்ளே," என்றார் கேனேஷ், காலைப் பார்க்காமலே. "விருந்து நாளைக்குத்தான். தலை இருக்கு. டீசலை இளக்கிட்டாங்க. கிளம்பலாமா?"

சூயுன் காலைத் தண்ணீரை விட்டு எடுக்கவில்லை.

"நீங்க கிளம்புங்க அத்தான். குரு-சாய் வழியாவே போங்க. இந்தப் பக்கம் ஷிரல்கா கேக்காத வீடு இன்னும் நாலு பாக்கி இருக்கு."