அப்பாவின் வெள்ளிக்காசு

அப்பா சாகக் கிடக்கும்போதே, அவர் காதுபட, பக்கத்து அறையில் என் அண்ணன்கள் இருவரும் அவர் தலையணைக்கடியில் இருந்த பழைய வெள்ளிக்காசுக்காக அடித்துக்கொண்டார்கள், வெட்கங்கெட்டவர்கள். கையில் ஆளுக்கொரு பழங்காசு விலைப் புத்தகம். ஒன்று சொன்ன விலையில் மற்றது பாதிகூடச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் மூவரும் நாணய வியாபாரியிடம் போனோம்.

“பெரிய விலை நாங்க விக்கிறது, சின்னது நாங்க வாங்குறது. ரெண்டும் நிஜந்தான்,” என்றவர், காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார். “பல்பொடி போட்டுத் தேய்ச்சிருக்காங்களே! தேய்ச்ச காசைச் சேகரிக்கிறவங்க தொடமாட்டாங்க, இனி எந்தப் புத்தகமும் உதவாது. வெள்ளி எடைக்குத்தான் போகும்.”

“உன் வேலையாடா?” என்று பெரியவன் சின்னவனின் சட்டையைப் பிடித்தான்.

விரல் பட்டாலே காசு கெட்டுவிடும் என்று எங்களைத் திட்டியவர் அப்பா. உயிர் போனபின் அவர் கையைத் துடைத்தபோது நகக்கண்ணில் வெள்ளைப் பொடி இருந்தது. மருந்து என்று நினைத்துக் கழுவிவிட்டேன்.