சம்பூர்ணம் எழுந்திருக்க மாட்டாள்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் இருமலோடு உட்கார்ந்திருந்தேன். அவர் அறைக்கும் எனக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டி. உள்ளே ஒரு பெண் குரல், "சார், ரத்த டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுங்க" என்றது. "அதெல்லாம் தேவையில்லம்மா" என்றார் டாக்டர். அவள் மறுபடியும் கேட்டாள். நான் இருமலை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினேன்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. சம்பூர்ணம் என்று வைத்துக்கொண்டேன்.

2

எழுதிய தொடக்கங்கள்:

"காஞ்சிபுரத்துக் கோபுரங்களின் மேல் காலை வெயில்…" (அடித்துவிட்டேன். வயிற்று உப்புசத்துக்கு மாத்திரை சாப்பிட்டவள் கதையில் கோபுரத்துக்கு என்ன வேலை?)

"தறியில் குனிந்திருந்த சம்பூர்ணத்தின் மார்பிலிருந்து ஒரு சொட்டுப் பால், அரக்குப் பட்டின்மேல்…"

இதை எழுதியபோது எனக்கே புல்லரித்தது. என் மனைவி துர்காதேவியிடம் படித்துக் காட்டினேன். தறிக்காரர் வீட்டில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் நெய்தவள். அவளுக்குப் புல்லரிக்கவில்லை.

"எவளாவது பட்டு மேல சொட்ட வுடுவாளா? கை வேர்த்தாலே தொடைச்சிக்கினுதான் இழை ஓட்டற நாடாவத் தொடுவோம். மாருல பழந்துணிய மடிச்சி வெச்சிக் கட்டிக்கினு இல்ல உக்காந்திருப்பா? நீங்க அழகா எழுதணும்னு, அவளுக்கு வேல தெரியாதுன்னு ஆக்கிடுவீங்களா?"

சொட்டு போயிற்று. பழந்துணி இருக்கிறது.

3

முதலில் அவளுக்குக் கல்யாணமாகவில்லை என்று வைத்தேன். பிறகு விதவையாக்கினேன். இரண்டுமே உங்களை அழவைக்க நான் செய்த தில்லுமுல்லு. விட்டுவிட்டேன். சம்பூர்ணத்துக்கு வயது நாற்பத்தொன்று. கணவர் கலியாணசுந்தரம் பக்கத்துத் தறியில் நெய்கிறார். (சண்டை போடாத மனிதர், கதைக்கு உதவ மாட்டார்.) கடைசிப் பிள்ளைக்குப் பதினான்கு வயது.

படமரம் என்பது நெய்த துணி சுற்றிக்கொள்ளும் உருளை. அதில் வயிறு முட்ட நாளெல்லாம் உட்கார்ந்து, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதில் அவளுக்கு வயிறு உப்பியது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், தொடர்ந்து சாப்பிடச் சொன்னார். வயிறு அடங்கியது. ஆனால் மாதாமாதம் வரும் தூரம் நின்றது. அதன் பிறகு, பதினான்கு வருஷம் கழித்து, பால் வந்தது.

அவள் மார்பில் பழந்துணியை மடித்துக் கட்டிக்கொண்டாள். குனியும்போது படமரம் மார்பில் அழுத்துவதால்தான் வருகிறது என்று நினைத்து, உட்காரும் பலகையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிப் போட்டாள். கை எட்டாமல் தோள் வலித்ததுதான் மிச்சம். தெருவில் ஒருத்தி, "இன்னாக்கா, விசேஷமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நர்ஸுக்குப் படிக்கும் அக்கா மகள் சுகாசினிதான் போனில் சொன்னாள்: "அந்த மாத்திரை சில பேருக்கு புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன ஏத்திடும் சித்தி. ரத்தத்துல பாத்தா தெரிஞ்சிடும்." அன்றே மாத்திரையை நிறுத்தினாள். மூன்று வாரமாகியும் பால் நிற்கவில்லை.

அப்படித்தான் டாக்டருக்கு எதிரே அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். (கலியாணசுந்தரம், சுகாசினி, பலகை, தெருக்காரி எல்லாம் என் கைச்சரக்கு. இனி வருவது காதால் கேட்டது.)

4

"எவ்ளோ நாளா?" என்று கேட்டார் டாக்டர்.

"மாம்பழக் கலர் பாவுல ரெண்டாவது புடவை ஆரம்பிக்கசொல்ல மாத்திரை போட ஆரம்பிச்சேன் சார். அடுத்த பாவுல மொத புடவை அறுக்கசொல்ல தூரம் நின்னுச்சி. மூணாவது புடவை பாதியில பால் வந்துச்சி."

"நான் புடவையா கேட்டேன்? நாள் சொல்லும்மா. இதெல்லாம் டென்ஷன். வயசும் ஆகுதுல்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் புடவைக்கதை பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது துர்காதேவி சிரிக்கவில்லை. "தறியில ஒரு பாவு நூலு போட்டா மூணு புடவை. ஒரு புடவைக்குப் பதினஞ்சு நாளு. காலண்டர விட சரியா சொல்லியிருக்கா. இது கூடவா புரியல ரெண்டு பேருக்கும்?" என்றாள்.*

உள்ளே பேச்சு தொடர்ந்தது.

"டென்ஷனுக்கு மாருல பால் வருமா சார்?"

"கர்ப்பமா இருக்கும்."

"ரெண்டு வாட்டி பாத்துட்டேன். இல்ல."

"அப்ப லேபுக்குப் போயி நீயே குடுத்துக்கோம்மா. என்னை ஏன் கேக்கற?"

"குடுத்துக்கலாம் சார். ஆனா மாத்திரைய எழுதுனது நீங்க. டெஸ்ட்டையும் நீங்கதான் எழுதணும், ரிசல்ட்டயும் நீங்கதான் பாக்கணும். புரோலாக்டின், தைராய்டு, ரெண்டும். எழுதிக் குடுங்க. அதுவரிக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

---
* கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாத்திரை தொடங்கி நாற்பத்தைந்தாம் நாள் தூரம் நின்றிருக்கிறது. அறுபத்தேழாம் நாள் வாக்கில் பால். இதற்குமேல் ஒரு டாக்டருக்கு என்ன சொல்ல முடியும்?

5

முடிவுகள்.

அ) டாக்டர் தலைகுனிந்து எழுதிக் கொடுக்கிறார். நடக்கக்கூடியதுதான், நல்ல டாக்டர்கள் இல்லாமலில்லை. ஆனால் கடைசி வரியில் அவரை உத்தமராக்கிவிட்டால் நீங்கள் அவரைத்தான் மெச்சுவீர்கள். எனக்குப் பொறுக்காது.

ஆ) அவளே லேபுக்குப் போகிறாள், ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் அடிக்கிறாள். கைதட்டல். சரி, எல்லாம் அளவோடுதான் இருக்கிறது என்று வந்திருந்தால்? அவள் கேட்டது தப்பாகிவிடுமா? தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்க அவளுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதனால் ரிசல்ட்டை இந்தக் கதையில் எழுத மாட்டேன். கேட்காதீர்கள்.

இ) நடந்தது. இதை எழுதக் கூடாது என்றுதான் நான்கு பகுதிகளை ஓட்டினேன். அடுத்த டோக்கன் நான். அவள் எழுந்திருக்க மாட்டேன் என்றதும் டாக்டர் தாளை இழுக்கும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. (சத்தியம் பண்ண மாட்டேன்.) அந்த நேரம் பார்த்து நான் எழுந்து கதவைத் தட்டினேன். "எவ்ளோ நேரம் சார்?" என்றேன்.

"பாரும்மா, வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்க" என்றார் டாக்டர்.

அவள் வெளியே வந்தாள். கையில் சீட்டு இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் இருமலுக்கு டாக்டர் மருந்து எழுதினார். "எதுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் பாத்துடலாம் சார்" என்று, நான் கேட்காமலேயே அதையும் எழுதினார்.

6

வெட்கமாக இருக்கிறது. அந்த டெஸ்ட் சீட்டை நான் கிழித்துப்போட்டது அவளுக்கு எந்த உபகாரமும் இல்லை. ஆகவே இந்தக் கதையில் அவளை மறுபடியும் உள்ளே உட்காரவைத்திருக்கிறேன். எழுதியவன் நானானாலும் இனி என்னாலேயே அவளை எழுப்ப முடியாது.

என் டோக்கனை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் கிளம்புகிறேன். உங்களுக்குக் காய்ச்சல் இருக்கலாம், வீட்டில் வேலை கிடக்கலாம், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கலாம். உள்ளே டாக்டர் தாளை இழுத்திருக்கிறார், இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை. கதவு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தட்டுவதும் தட்டாததும் உங்கள் பாடு.

அவள் உட்கார்ந்திருக்கிறாள்.