தேடினால் வருகிறவள்

காலையில் பால் பொங்குவதற்குள் ஐரினுக்கு ஒரு வேலை இருந்தது. அடுப்பைச் சிறுதீயில் வைத்துவிட்டுப் போனை எடுத்து, 'மதுரை கிறிஸ்தவ மணப்பெண் கவுன்' என்று தேடுவாள். முழுவதும் தட்டக்கூட வேண்டாம். இப்போதெல்லாம் 'ம' என்று தொட்டதுமே மிச்சத்தைப் போனே எழுதிக்கொள்கிறது. முதலில் வருவது 'சரண்யா பிரைடல்ஸ், ஒத்தக்கடை'. அடுத்து ஒரு பெரிய ஜவுளிக்கடை. அப்புறம் திருச்சிக்காரர்கள், தூத்துக்குடிக்காரர்கள், மதுரை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத சென்னைக்காரர்கள். கட்டைவிரல் வலிக்கும் வரை தள்ளினால், பந்தியில் இடம் கிடைக்காமல் ஓரமாக நிற்கிற ஆளைப் போல 'ஐரின் கவுன்ஸ், கோச்சடை' என்று வரும். இந்த வேடிக்கையில் பால் பொங்கி வழிந்த நாட்கள் உண்டு. அதற்கும் சரண்யாவைத்தான் திட்டுவாள்.

சரண்யாதேவி அந்நியம் ஒன்றும் இல்லை. கல்லூரி முடித்த கையோடு ஐரினிடம் வேலைக்கு வந்தவள். ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வந்து, அங்கே பஸ் மாறி, கோச்சடைக்கு வந்து சேரும்போதே பாதி வாடியிருப்பாள். அப்பா சுடலை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். வந்த புதிதில் அவளுக்கு மணப்பெண் தலையில் சூட்டுகிற வெய்லுக்கும் கொசுவலைக்கும் வித்தியாசம் தெரியாது. கவுன் போட்ட பெண் பீடத்துக்கு எப்படி நடந்து போவாள் என்று காட்ட, ஐரினே மேசை விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டியிருக்கிறாள். 'நம்ம கைல வளந்த பிள்ள' என்று கோயிலில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள். அந்தப் பெருமையெல்லாம் சரண்யா தன் கீழே இருந்தவரைக்கும்தான். அவள் தனிக்கடை போட்ட அன்று ஐரினின் நெஞ்சில் பற்றிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை. ஒரு நாள் பூசை பார்த்தவளா அவள்? சின்ன வயதில் வெள்ளை உடுப்புப் போட்டுப் புதுநன்மை வாங்கினவளா? அவளிடம் போய் நம் பிள்ளைகள் கவுன் தைக்கிறார்களே!

கடையின் இணையப் பக்கத்தில் ஐரின் போட்டிருந்த படத்தில் ஒரு மணப்பெண் பீடத்தின் படியில் கால் வைத்திருப்பாள். அவள் காலடியில் குனிந்து, கவுனின் விளிம்பைப் பிடித்திருந்தது சரண்யா. அவள் போன மறுவாரமே அந்தப் படத்தை ஐரின் வெட்டினாள். தலை போயிற்று, தோள் போயிற்று. கையையும் வெட்டினால் விளிம்போடு கவுனே பாதி போய்விடும். அதனால் விரல்களை மட்டும் விட்டுவிட்டாள்.

கணவர் ஆலன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். இந்த எரிச்சலைத் தினமும் இட்லியோடு சேர்த்துச் சாப்பிட்டு அலுத்துப்போய், அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வழியாக சித்தார்த்தைக் கண்டுபிடித்து, ஐரினை அவனிடம் கூட்டிக்கொண்டு போனார். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். கடைகளைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் அவன் தொழில்.

"அக்கா, இதுல குறுக்கு வழி கெடையாது" என்றான் சித்தார்த். "இப்ப தேடுறதே மாறிப்போச்சு. முன்ன மாதிரி நாலு வார்த்தையத் தட்டுறது இல்ல. வீட்டு ஆள்கிட்ட கேக்குற மாதிரி ஏஐகிட்டக் கேக்குறாங்க. 'நான் குட்டை, எனக்கு எந்தக் கவுன் எடுப்பா இருக்கும்'னு. அதுக்கு யாரு ஒழுங்கா பதில் எழுதி வச்சுருக்காங்களோ, அவங்க பேரச் சொல்லுது. நீங்க கஸ்டமர்ட்டப் பேசுறத அப்படியே எழுதுங்க. அப்புறம் தச்சுட்டுப் போறவங்கட்ட ஒரு ரிவ்யூ கேளுங்க. மெதுவா வரட்டும்."

"எம்புட்டு மெதுவா?"

"ஆறு மாசம், ஒரு வருசம்..."

ஒரு வருசமா! அதற்குள் இந்தக் கல்யாணச் சீசனும் போய் அடுத்ததும் போய்விடும். சரண்யாவுக்கு எத்தனை ரிவ்யூ என்று ஐரினுக்கு மனப்பாடம். அதைவிட ஒன்றாவது கூட வேண்டும், அதுவும் இந்த வாரமே வேண்டும். ரிவ்யூ போட ஆளுக்கா பஞ்சம்? அன்பியம் இருக்கிறது. வீடு வீடாக ஜெபம் சொல்ல ஒரு தெருவுக்கு இத்தனை குடும்பம் என்று பங்கில் பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தக் கூட்டம். வீட்டில் கேதம் என்றாலும் கிரகப்பிரவேசம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவர்கள். ஐந்து ஸ்டார் போட மாட்டார்களா?

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஐரின் கேக்கும் காபியும் கொடுத்தாள். அன்பிய வாட்ஸப் குழுவில் என்ன எழுத வேண்டும் என்பதையும் அனுப்பிவிட்டாள். பாவம், நல்ல ஜனங்கள். கேக் கையோடு எல்லாரும் வரிசையாக நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒருவர் போனை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு போட்டார்கள். அனுப்பியதில் ஒரு எழுத்துகூட விடவில்லை. 'அன்பியக் குடும்பத்தாருக்கு, இயேசுவுக்கே புகழ். கீழே உள்ளதை அப்படியே காப்பி செய்து ஐந்து ஸ்டாருடன் போடவும்' என்பதையும் சேர்த்தே போட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்னாசிமுத்து சாரின் பேரிலும், அவருடைய மீசை வைத்த படத்துக்குப் பக்கத்தில், 'கவுன் எனக்கு மிகக் கச்சிதமாகப் பொருந்தியது' என்று வந்திருந்தது.

எல்லாம் ஒரே அச்சாக இருந்ததால் போலி என்று, அந்த வாரம் முடிவதற்குள் எல்லா ரிவ்யூவையும் மேப்காரர்கள் தூக்கிவிட்டார்கள். ஏற்கெனவே நிஜமாகவே தைத்துக்கொண்டு போனவர்கள் எழுதியதும் போயிற்று. அதோடு விட்டால் பரவாயில்லை, மேப்பில் கடையையே காணோம். பதறிப்போய்த் தன் கடையின் பேரையே தட்டினாள். 'ஐரின் கவுன்ஸ், கோச்சடை' என்று முழுசாகத் தட்டினாள். வந்தது சரண்யா பிரைடல்ஸ்.

ஐரின் அழுதாள். சமையலறை மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஆலனுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று அழுதாள். அழுது முடித்த வேகத்தில், அப்படி என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோம் என்று சரண்யாவின் கடைப்பக்கத்தைத் திறந்தாள். இதுவரை அவள் வரிசையைத்தான் பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை.

உள்ளே கேள்வியும் பதிலுமாக நீளமாக இருந்தது. 'கறுத்த நிறத்துக்கு எந்த வெள்ளை நல்லது?' 'சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம். பாலில் ஒரு சொட்டு டீ விட்ட வெள்ளை எடுங்கள். முகம் தனியாகத் தெரியாமல் சேர்ந்து தெரியும்.' 'கவுன் எவ்வளவு நீளம் வேண்டும்?' 'உயரத்தைப் பார்த்து அளக்காதீர்கள், நடையைப் பார்த்து அளங்கள். பீடத்துப் படியில் ஏறும்போது மிதிபடாமல் இருப்பதுதான் நீளம்.' 'அம்மா இல்லாத பெண்ணுக்கு வெய்லை யார் சூட்டுவது?' 'யாருக்கு அவளைப் பார்த்ததும் கண் கலங்குகிறதோ அவர்கள் சூட்டட்டும்.'

ஐரின் மேலே தள்ளி, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். இது அவளுடைய பேச்சு. டீ விட்ட பால் அவளுடையது. கடைசிப் பதில், தாயில்லாத ஒரு பெண் கடையில் நின்று தேம்பியபோது அவள் வாயில் தானாக வந்தது. அன்று சரண்யா மூலையில் உட்கார்ந்து பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சரண்யாவே கூப்பிட்டாள். பேரைப் பார்த்ததும் ஐரின் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்தாள்.

"அக்கா, என்னக்கா ஆச்சு? உங்க கடையத் தேடுனேன், காணோம். மூடிட்டீகளோன்னு பக்குன்னு ஆயிருச்சு."

"நீ எதுக்கு என் கடையத் தேடுற?"

"தெனமும் காலைல தேடுவேன்க்கா. நீங்க எனக்கு மேல வந்துட்டீகளான்னு."

அந்த ஒரு வார்த்தையில் ஐரினுக்குத் தொண்டைக்குள் தேன் இறங்கியது. அப்படியென்றால் அங்கேயும் பால் வழிகிறது. ஆனால் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"அங்க எழுதி வச்சுருக்கியே, அம்புட்டும் எம் பேச்சுடி."

"ஆமாக்கா" என்றாள் சரண்யா. "எனக்கு வேற யாரு பேச்சு தெரியும்?"

சரண்யாவே தொடர்ந்தாள். "வேணும்னா உங்க பேரப் போட்டு, உங்க கடைக்கு லிங்க் குடுக்குறேன். நல்லா ஓடுற எடத்துல இருந்து லிங்க் வந்தா உங்க கடையும் மேல வரும்."

நல்லா ஓடுற எடமாம். "ஒன்னும் வேணாம். ஒன் கடைக்குள்ள எம் பேரு எதுக்கு? வை" என்று ஐரின் போனை வைத்தாள். நாள் முழுக்க அந்த 'நல்லா ஓடுற எடம்' அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

மேப்பில் கடை திரும்பி வர வேண்டுமென்றால், கடை நிஜமாகவே இருக்கிறது என்று மேப்காரர்களுக்கு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான் சித்தார்த். தெருவிலிருந்து தொடங்கி, போர்டைக் காட்டி, நீங்களே சாவி போட்டுத் திறந்து, உள்ளே போகிறவரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும் என்றான். ஆலன் எடுத்தார். இத்தனை வருசம் உட்கார்ந்திருந்த கடை தன்னுடையதுதான் என்று முகம் தெரியாத யாருக்கோ நிரூபிப்பது ஐரினுக்கு அவமானமாக இருந்தது. ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்துத் தூக்கினாள்.

சில வாரங்கள் கழித்துக் கடை திரும்பி வந்தது, ஒரு ஸ்டார்கூட இல்லாமல். அன்று காலையும் பாலை வைத்துவிட்டு 'ம' என்று தொட்டாள். முதலில் சரண்யா. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள். படியில் மிதிபடாத நீளத்தைப் பற்றிய பதிலுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. 'இது கோச்சடை ஐரின் அக்கா சொன்னது.' அவள் பேர் மட்டும் நீல நிறத்தில், அடிக்கோடு போட்டு இருந்தது.

யாரைக் கேட்டுப் போட்டாள்? எடுக்கச் சொல்லி இப்போதே ஒரு போன் போட்டுவிடலாம். ஐரினின் விரல் அந்த நீலத்தின் மேல் நின்றது. பிறகு, சரியாகப் போட்டிருக்கிறாளா என்று பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு தொட்டாள்.

அவளுடைய கடை திறந்தது. முதலில் வந்தது அந்தப் படம். மணப்பெண் படியில் கால் வைக்கிறாள். கீழே ஓரத்தில், தலையும் தோளும் இல்லாமல், இடுக்கில் ஒரு குண்டூசியோடு நான்கு விரல்கள், கவுனின் விளிம்பைப் படியில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தன.