ஹமீது பீவியின் கார்டு

உம்மாவின் வலது கைப் பெருவிரல் நகத்துக்குள் இருந்த கறுப்பு மூன்றாவது முறை தேய்த்தும் போகவில்லை. பாத்து சாச்சி, இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் துணியை முக்கி மறுபடியும் தேய்த்தாள்.

"விடுங்க சாச்சி, அது போவாது" என்றாள் ஷம்ஸியா. "முப்பது வருசத்துத் தூளு."

"அழுக்கோட அனுப்புனா ஊரு என்ன சொல்லும் புள்ள?"

"அழுக்கு இல்ல. புகையிலை."

சாச்சி கையை விட்டாள். ஷம்ஸியா செம்பைச் சாய்த்தாள். உம்மா விடியற்காலை சுபுஹு பாங்கு தொடங்கும்போது இருமிக்கொண்டிருந்தாள். முடியும்போது இருமல் இல்லை. மூன்று வருஷத்தில் முதன்முறையாக அவள் அயர்ந்து தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் காட்டாமல் ஷம்ஸியா இன்னும் நூறு பீடி சுற்றியிருந்தாள்.

வாசலில் யாரோ செருமினார்கள். செருமலை வைத்தே தெரிந்தது, கடை சுல்தான். கம்பெனியில் இலையும் தூளும் வாங்கி வீடு வீடாகக் கொடுத்து, சுற்றிய பீடியைத் திருப்பி எடுக்கும் கடை அவருடையது.

"ஏம்மா ஷம்ஸியா, நேரங்காலம் தெரியாம கேக்கேன்னு நெனைக்காத. உம்மா கார்டு எங்கன இருக்கு?"

"மய்யித்தக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கோம் காக்கா" என்று சாச்சி உள்ளிருந்து சொன்னாள்.

"குளிப்பாட்டுங்க, குளிப்பாட்டுங்க. கம்பெனி ஆபீஸ் ஆளு சாயங்காலம் அசருக்கு வருதான். கார்டு கையில இருந்தா இன்னைக்கே மக பேருக்கு மாத்திருவேன். இல்லன்னா நம்பர அடிச்சிட்டுப் போயிருவான். நாளப்பின்ன மாமா சொல்லலன்னு இருக்கக் கூடாது, பாரு."

மேலப்பாளையத்தில் கார்டு என்றால் ரேஷன் கார்டு அல்ல. பழுப்பு அட்டை, அதில் ஒரு போட்டோ, ஒரு நம்பர், கம்பெனி சீல். அது இருப்பவள் தொழிலாளி. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டு, பி.எஃப். உண்டு. இல்லாதவள் அடுத்தவள் பெயரில் சுற்ற வேண்டியதுதான். பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் ஷம்ஸியாவுக்கு ஓதத் தெரியுமா என்று இரண்டாவதாகத்தான் கேட்டார்கள். மூன்று வருஷமாக அதிகம் சுற்றுகிற கை அவளுடையது, பெயர் உம்மாவுடையது. கார்டு மகளுக்குத்தான் என்று பேசிய பிறகே நிக்காஹுக்குத் தேதி குறித்தார்கள். பேட்டைக்காரப் பெண்கள் இரண்டு பேர் இப்போது நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சுல்தான் கேட்டது அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

கார்டு வீட்டில் இல்லை. பேராசிரியர் ஞானசம்பந்தனிடம் இருந்தது.

அவர் ஜங்ஷனில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் உழைப்பியல் ஆய்வு மையம் நடத்துகிறார். தொழிலாளர் இயக்கங்களைப் பற்றி நான்கு வருஷம் உம்மா ஹமீது பீவியிடம் டேப் ரிக்கார்டரோடு வந்துபோனார். கார்டு கேட்டுப் பெண்கள் முன்பு பதினோரு நாள் சுல்தான் கடை வாசலில் உட்கார்ந்தார்களே, அதில் அவளும் ஒருத்தி. அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "அங்கனதான் நெழலு இருந்துச்சு" என்றாள். நூலில் அது போராட்டக் களத்தின் தந்திரம் என்று ஆறு பக்கம் வந்தது. நூலை அவளுக்கே சமர்ப்பணம் செய்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத உம்மா அதைக் கையில் வாங்கி, "நல்ல கனமா இருக்கு" என்று சொல்லி, ஈர இலைக் கட்டின்மேல் வைத்தாள். அந்த நான்கு வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிய ஷம்ஸியா, நூலில் 'தேநீர் கொண்டுவந்த சிறுமி' என்று ஓரிடத்தில் வருகிறாள்.

இரண்டே வாரத்தில் தருவதாகச் சொல்லித்தான் கார்டை வாங்கிப் போனார். அது ஆயிற்று இரண்டு வருஷம். கடைப் பதிவில் நம்பர் இருந்ததால் அன்றாடப் பாட்டுக்குத் தடையில்லை. உம்மா மூன்று தடவை பஸ் ஏறிப் போய்க் கேட்டாள். மூன்று தடவையும் டீ வாங்கிக் கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கார்டுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

கபன் துணி சுற்றி முடிந்த நேரத்தில் தெருவில் கார் வந்து நின்றது. பேராசிரியர் ஆள் உயர ரோஜா மாலையோடு இறங்கினார். பின்னால் கேமராவோடு அவருடைய ஆய்வு மாணவன் ஸ்ரீகுமார்.

"மய்யித்துக்கு மால போடுத வழக்கம் இல்ல சார்" என்றார் பெஞ்சில் இருந்த ஒரு கிழவர்.

"அப்படியா?" பேராசிரியரின் நூலில் இஸ்லாமியப் பீடித் தொழிலாளர் பண்பாட்டுக்கு மட்டும் நாற்பது பக்கம். "அந்த வீரத்தாயின் முகத்தையாவது ஒருமுறை…"

"வெளி ஆம்பளைக்குக் காட்டமாட்டோம்."

"புகைப்படம்?"

கேமராவைத் தாழ்த்தச் சொல்லிக் கிழவர் கை காட்டினார். மாலையை யாரும் கை நீட்டி வாங்கவில்லை. பேராசிரியர் கொஞ்ச நேரம் அதைப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் வைத்திருந்துவிட்டுக் கார் முகப்பில் சார்த்தினார். கார் மாப்பிள்ளையை அழைக்க வந்ததுபோல் ஆயிற்று.

ஷம்ஸியா ஈரக் கையைத் துடைத்தபடி நிலைப்படிக்கு வந்தாள். அவரிடமிருந்து வந்த சென்ட் வாசனை, உள்ளே மணந்த கற்பூரத்தோடு கலந்தது.

"சார், உம்மா கார்டு."

"அம்மா ஷம்ஸியா, இந்தத் துயரமான தருணத்தில் சொற்கள்…"

"அசருக்குள்ள வேணும் சார்."

"அது இப்போது கார்டு அல்ல அம்மா. ஆவணம். வெளியே எடுக்க வேண்டுமானால் ஆலோசனைக் குழு கூட வேண்டும்."

"குழுவுல யாரு இருக்கா?"

"நான் தலைவர்."

"மத்தவங்க?"

"மற்ற இடங்கள் தற்போது காலியாக உள்ளன."

"அப்பம் இங்கனயே கூடிட்டுல்லா சார்" என்றார் கிழவர்.

பெஞ்சில் நாலைந்து பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். பேராசிரியர் எங்கேயும் மேடைத் தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சொந்த ஊர் வெளியே வந்துவிடும்.

"ஏலே ஸ்ரீகுமாரு, யாருகிட்டயாவது வண்டிய வாங்கிட்டுப் போயி அந்த எழவ எடுத்துட்டு வாலே!"

மாணவன் போனதும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு இரங்கல் உரையைத் தொடங்கினார். உலகமயமாதல் வந்தது. தொழிலாளி வர்க்கத்தின் இன்றைய சவால்கள் வந்தன. நடுப்பகல் லுஹர் தொழுகை நெருங்கிவிட்டது. ஜமாஅத்துக்காரர்கள் வாட்சைப் பார்த்தார்கள். பிறகு அவரைக் கேட்காமல் உள்ளே போய் மய்யித்துப் பெட்டியான சந்தாக்கைத் தூக்கினார்கள். ஷம்ஸியா நிலையைப் பிடித்துக்கொண்டாள். கலிமா சொல்லிக்கொண்டு கூட்டம் தெரு திரும்பும்போதும் அவர் நிறுத்தவில்லை.

"ஹமீது பீவி வெறும் தொழிலாளியா? அல்ல, நண்பர்களே! அவர் வரலாறு!"

எதிரே மிஞ்சி நின்ற நண்பர் சுல்தான் ஒருவர்தான். அவர் பலமாகத் தலையாட்டினார். அந்தப் பதினோரு நாளும் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அவரும் அதைத்தான் சொன்னார், நீங்க யாரும் தொழிலாளி இல்ல என்று. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு சந்தாக்கின் பின்னால் ஓடினார்.

அடக்கத்துக்குப் பெண்கள் கபர்ஸ்தான் போகும் வழக்கம் இல்லை. ஷம்ஸியா அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். வெளியே நாற்காலியில் அமர்ந்த பேராசிரியர், எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். சீனி கம்மியாக.

அடக்கம் முடிந்து சுல்தான் திரும்பி வந்தபோது ஸ்ரீகுமாரும் வந்து இறங்கினான். கக்கத்தில் பெரிய பலகை. அதன் நடுவே வெல்வெட்டில் உம்மாவின் கார்டு. நகட்ட முடியாதபடி ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கியிருந்தார்கள். கம்பெனி சீலின்மேல் மையத்தின் ஊதா முத்திரை. நம்பர் இருந்த இடத்தில் வெள்ளை மசி பூசி, அதன்மேல் அழகான கையெழுத்தில் 'ஆவணம் 114'.

ஷம்ஸியா அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளைக்கு அடியில் ஒரு ஏழின் வால் மட்டும் தெரிந்தது.

சுல்தான் அவள் கையிலிருந்து வாங்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"சீலு மேல சீலு வச்சிருக்காவ. நம்பர காணும். ஆபீஸ்காரன் இத ஏறெடுத்தும் பாக்கமாட்டான் தாயி."

"கடை நோட்டுல நம்பர் இருக்குல்லா மாமா? அத வச்சு எழுதக் கூடாதா?"

"நோட்டு என் நோட்டு. அவனுக்குக் கார்டுதான் பேசும்." நியாயமாகத்தான் சொன்னார். ஒரு நம்பர் குறைந்தால் பி.எஃப். கட்டாமல் கடைக்கு எவ்வளவு லாபம் என்பதை அவர் சொல்லவில்லை.

"எங்கள் மையத்தின் முத்திரைக்கு டெல்லி வரை மதிப்பு உண்டு" என்றார் பேராசிரியர்.

"அப்பம் டெல்லியிலதான் மாத்தணும் சார்."

நடுவீட்டில் இருந்த பேட்டைக்காரப் பெண்கள் எழுந்தார்கள். துப்பட்டியை விரித்துப் போர்த்திக்கொண்டார்கள். "மூணாம் நாள் பாத்திஹாவுக்கு வாங்க" என்றாள் பாத்து சாச்சி. "பாப்போம்" என்றாள் மூத்தவள், ஷம்ஸியாவின் முகத்தைப் பார்க்காமல். "பஸ்ஸு கெடைக்கணும்லா."

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை சுல்தான் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எதுக்கும் கலங்காத. எம் மருமவ பேருல ஒரு கார்டு சும்மாத்தான் கெடக்கு. அதுல சுத்து. நாளைக்கேன்னு சொல்லல. மூணு நாளு கழியட்டும்."

மருமகள் சவூதியில் இருந்தாள். அவள் கையில் பீடி இலை பட்டதே இல்லை. ஷம்ஸியா சரியென்று தலையை ஆட்டினாள். 

பலகையைத் தன் சேலைத் தலைப்பில் துடைக்க வந்த சாச்சியைத் தடுத்து, பேராசிரியர் தானே கைக்குட்டையால் துடைத்தார். "உங்களுக்குப் பயன்படாது என்றால், இது பழைய இடத்திலேயே இருக்கட்டும். பாதுகாப்பாக இருக்கும்." பலகை கார்ப் பின்சீட்டுக்குப் போயிற்று. ஏறும் முன் மாணவனிடம் சொன்னார்: "வந்தது வந்துவிட்டோம். இரண்டாம் தலைமுறைப் படிவத்தை நிரப்பிவிடு. நான் காரில் இருக்கிறேன்."

ஸ்ரீகுமார் நடுவீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வைத்து எழுத எதுவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். ஷம்ஸியா மடியில் வைத்துப் பீடி சுற்றும் சொளவை, சுவரில் சாய்த்திருந்த அந்த முறத்தை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தூளை வாசல் பக்கமாகத் தட்டிவிட்டு, கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"பேரு?"

"ஷம்ஸியா."

"தொழில்?"

"பீடி சுத்துதேன்."

"கார்டு நம்பர்?"

அவள் அவனைப் பார்த்தாள். பையன் பக்கத்துப் பாளையங்கோட்டைக்காரன், கார்டு என்றால் என்னவென்று தெரியும்; காது சிவந்துவிட்டது.

"நம்பர் இல்லாம அந்தக் கட்டத்துல எழுத முடியாதுக்கா. சார் ஏசுவாரு." பேனாவை இரண்டு விரலில் உருட்டினான். "வேலை இல்லன்னு போட்டுக்கிடட்டா?"

"போட்டுக்கிடுங்க."

எழுதினான். படிவத்தில் இன்னும் மூன்று பக்கம் இருந்தது. அவன் முடித்துச் சொளவைத் தரட்டும் என்று ஷம்ஸியா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.