தங்கை மறைத்த துணிகள்

தையற்கடையில் துணி வெட்டுவது அக்கா, தைப்பது தங்கை. வாடிக்கைக்காரர்கள் அக்காவைக் ‘கத்திரி’ என்றே கூப்பிடுவார்கள். எழுபதை நெருங்கியும் தன் கை பிசகாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் படியிறங்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தங்கைதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், “கழுத்துல ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்மா. மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சிருக்கு. அங்கங்க சேதமும் தெரியுது. இந்த மறதி, தடுமாற்றம் எல்லாம் எப்பலேர்ந்து?” என்று கேட்டார்.

“மறதியா, எனக்கா? நல்லா கேட்டீங்க! கண்ணாடியத் தலைமேல வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுறவ இவதான்.” அக்கா சிரித்தாள்.

தங்கை சிரிக்கவில்லை. “போன வருஷத்துலேர்ந்து, டாக்டர்,” என்றாள் தரையைப் பார்த்தபடி. “சட்டைக்கு ரெண்டு கையையும் வலது கையாவே வெட்டிடுவா. நான் அந்தத் துணிய ஒளிச்சு வெச்சுட்டு, வேற வாங்கி வெட்டிடுவேன்.”

“அப்பவே வந்திருக்கலாமே. போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. இனிமே மோசமாகாம பாக்கலாம்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்: “வேற யாருக்குத் தெரியும்?”

“உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்...”

“யாருக்கெல்லாம்டி தெரியும்?”

தங்கை ஒவ்வொருவராகச் சொன்னாள். வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியும். பட்டன் கடைக்காரருக்குத் தெரியும். வெளியூரில் இருக்கும் அக்காவின் மகனுக்கும் தெரியும். வாராவாரம் போனில், “வேலை எப்படிம்மா போகுது?” என்று கேட்பான். அவளும் பெருமையடித்துக்கொள்வாள். அந்தப் பக்கம் அவன் என்ன முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தானோ!

“எல்லாரும் சேர்ந்து என்னைப் பொம்மையாட்டம் உக்கார வெச்சிருந்தீங்க. மனசு நோகும்னு மூளையக் காவு குடுத்துட்டியேடி!”

தங்கை அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை.

சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டாள். சுருங்கிய ரத்தக்குழாயை விரித்துவிட்டார்கள். மாத்திரையும் தினசரி நடையும் வாடிக்கையாயின. கடைக்குத் திரும்பிய அன்றே, “தப்பா வெட்டினா மூஞ்சிக்கு நேரா சொல்லு. ஒளிச்சு வெச்சே, அன்னைக்கே நாம ரெண்டு கடை,” என்றாள்.

மறுவாரமே ஒரு வாடிக்கைக்காரி முன்னால் தங்கை சொல்ல வேண்டி வந்தது. “அக்கா, கழுத்து அகலமாப் போச்சு.” அக்காவின் முகம் சிவந்தது. வேறு துணியை விரித்தாள்.

மாலையில் நடக்கக் கிளம்பியபோது தங்கையும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“நான் தனியாவே போய்க்கிறேன்.”

தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா தெருமுனை திரும்பும்வரை பின்னால் பார்க்கவில்லை.